முதுகில் ஒரு பூச்சியம்

நான் சங்கீத ஆசிரியை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்த எதுவும் விளங்காது. சுன்னாகத்திலிருந்து அச்சுவேலிப் பக்கம் போகும் வழியில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னப் பாடசாலையில் ஒன்பது வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கு எனக்குப் படிக்கிற காலத்திலேயே ஒத்துவராத பாடம். சாதாரண தரப் பரீட்சையில் நான் கணக்கில் சித்தியடைந்தேன் என்பதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நானும் பெறுபேற்றில் என் பரீட்சைச் சுட்டெண்ணை இரண்டு தரம் சரிபார்த்த பிறகுதான் நம்பினேன்.

போன வருடம் தரம் நான்கின் வகுப்பாசிரியை பிள்ளைப்பேற்று விடுமுறையில் போனார். அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எந்த வெயிலிலும் வெள்ளைச் சேர்ட்டும் கழுத்துப்பட்டியுமாக, வியர்வையைத் துடைப்பதுகூட மரியாதைக் குறைவு என்பதுபோல் நிற்கிற மனிதர் அவர்.

"ரீச்சர், நாலாம் வகுப்பை நீங்கள்தான் பாக்கோணும்."

"கணக்கும் நானோ, சேர்?"

"கணக்கும்தான். ஒரு தவணைதானே. பாடிக்கீடிச் சமாளியுங்கோ."

அவர் அதைப் பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதைப் பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பெருக்கல் வாய்ப்பாடு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இராகத்தில் போட்டேன். இரண்டாம் வாய்ப்பாடு சங்கராபரணம், ஐந்தாம் வாய்ப்பாடு ஹம்சத்வனி, எட்டாம் வாய்ப்பாடு மோகனம். ஏழாம் வாய்ப்பாட்டை எனக்கே சந்தோஷமாகச் சொல்ல வராது. அதனால் அதை முகாரியில் போட்டேன். இரண்டு கிழமைக்குள் இருபத்திரண்டு பேரும் பன்னிரண்டு வாய்ப்பாட்டையும் தாளம் தப்பாமல் பாடினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் சன்னலில் வந்து நின்று கேட்டார்கள். அதிபர் கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்குள்ளே இத்தனை காலமும் ஒரு கணக்கு ஆசிரியை ஒளிந்திருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஒரு புதுச் சேலைகூட உடுத்திக்கொண்டு போனேன்.

அந்தச் சேலை உடுத்த நாளில்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்தார். வகுப்புகளில் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்த்து ஆலோசனை சொல்வது அவருடைய வேலை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் கூடைபோல மாட்டிக்கொண்டு பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்னாலிருந்த ஒரு பையனைக் கேட்டார்.

"தம்பி, ஏழெட்டு எவ்வளவு?"

பையன் எழுந்தான். கண்ணை மூடினான். துடையில் தாளம் போட்டான். "ஓரெட்டு எட்டு" என்று மோகனத்தில் ஆரம்பித்தான்.

ஆலோசகர் காத்திருந்தார். மூவெட்டுக்கு வரும்போது பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு வந்தது. "சரி, காணும்" என்று அவர் கையைக் காட்டினார். ஒருவரும் நிறுத்தவில்லை. பாட்டை இடையில் விடக்கூடாது என்று நான்தான் பழக்கியிருந்தேன். பன்னீரெட்டு தொண்ணூற்றாறை மூன்று தரம் பாடி, கடைசி எழுத்தை இழுத்து முடித்த பிறகுதான் வகுப்பு உட்கார்ந்தது.

ஆலோசகர் அடுத்ததைக் கேட்டார். "ஒரு வாங்கிலை நாலு பேர் இருக்கினம் எண்டு வையுங்கோ. பதின்மூண்டு வாங்கிலை எத்தினை பேர்?"

வகுப்பு என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவன், "சேர், எங்கடை பள்ளிக்கூடத்திலை பதின்மூண்டு வாங்கு ஒரு வகுப்பிலையும் இல்லை" என்றான். அவனைக் காப்பாற்றும் நோக்கத்தில் இன்னொரு பிள்ளை எழுந்து, "பதின்மூண்டுக்கு ரீச்சர் இன்னும் பாட்டுப் போடேல்லை, சேர்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. இடைவேளையில் மரத்தடியில் நின்று மெதுவாகச் சொன்னார்: "ரீச்சர், பாட்டு நல்லா இருக்கு. ஆனால் பதின்மூண்டைப் பாடாதேங்கோ, உடையுங்கோ. அதுக்குள்ளை ஒரு பத்து இருக்கு, ஒரு மூண்டு இருக்கு. பத்தை நாலு தரம் எடுக்கட்டும், மூண்டை நாலு தரம் எடுக்கட்டும். பிறகு சேக்கட்டும். விளையாட்டாச் செய்யுங்கோ, பிடிச்சிடுவினம். நான் மூண்டு கிழமையாலை திரும்ப வாறன்."

நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் விளங்கியது, எனக்கும் அது தெரியாது என்று. பத்தால் பெருக்கினால் ஒரு பூச்சியம் போடு என்று எனக்குச் சொன்னார்கள், போட்டேன். மேலே ஒன்றைக் கொண்டு போ என்றார்கள், கொண்டு போனேன். ஏன் போகிறது, எங்கே போகிறது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. நாற்பத்தொரு வயதுவரை அது தானாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு கழன்று விழுந்தது. குனிந்து எடுத்தேன். இன்னும் ஒன்பதை உருவினேன். பத்தையும் ஒரு இறப்பர் பட்டியால் கட்டினேன். கையில் ஒரு பத்து இருந்தது. எழுதினால் ஒன்றும் பூச்சியமும். பிடித்துப் பார்த்தால் ஒரே ஒரு கட்டு.

அடுத்த நாள் வகுப்பில், "எல்லாரும் நாளைக்கு ஆளுக்கு இருபது ஈர்க்குக் கொண்டு வாங்கோ" என்று சொன்னேன். வளவுகளில் விழுந்து கிடக்கிற தென்னோலையைக் கிழித்து எடுத்து வருவார்கள் என்று நான் நினைத்தேன். பிள்ளைகள் சுருக்கமான வழியைத் தேடினார்கள். வீட்டுக்கு வீடு விளக்குமாறு இருந்தது. ஒருவன் முழு விளக்குமாற்றையே தோளில் வைத்துக்கொண்டு வந்தான். "எண்ண நேரம் கிடைக்கேல்லை, ரீச்சர். நீங்களே எண்ணி எடுங்கோ" என்றான். அதிபரின் அறை விளக்குமாறும் அன்று காணாமல் போனது. அதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் நாலைந்து தாய்மார் நின்றார்கள். அவர்களில் ஒருவர் தன் விளக்குமாற்றை அத்தாட்சியாகக் கொண்டுவந்திருந்தார். பிடி இருந்தது, பிடிக்குக் கீழே ஒரு ஏழெட்டு ஈர்க்கு, கிழவனின் தாடிபோல.

"ரீச்சர், நீங்கள் பிள்ளையளுக்குப் பெருக்கப் படிப்பிக்கிறியள். நல்லது. நாங்கள் வீட்டிலை எதாலை கூட்டிறது?"

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். நல்லவேளை, பிழைத்தேன். கணக்குப் படித்து முடிந்ததும் ஒவ்வொரு ஈர்க்கையும் திருப்பித் தருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. ஈர்க்குகளில் பாதி பிறகு வாள்களாகவும் அம்புகளாகவும் போய்விட்டன.

ஆனால் ஈர்க்கு வேலை செய்தது. நாலு பேர் கொண்ட ஒரு குழுவில் ஆளுக்குப் பதின்மூன்று: ஒரு கட்டும் மூன்று தனி ஈர்க்கும். எல்லாவற்றையும் நடுவில் போட்டார்கள். நாலு கட்டு, பன்னிரண்டு தனி. "தனியாக் கிடக்கிறதைப் பாருங்கோ" என்றேன். ஒரு பிள்ளை பார்த்தாள், எண்ணினாள், அதில் பத்தை எடுத்து இறப்பர் பட்டி போட்டாள். ஐந்து கட்டு, இரண்டு தனி.

"அம்பத்திரெண்டு!" என்று அந்தக் குழு கத்தியது. ஒருவரும் பாடவில்லை. மேலே கொண்டு போகிற அந்த ஒன்று என்னவென்று அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். அது ஒரு கட்டு. பத்து ஈர்க்கு சேர்ந்த ஒரு கட்டு. பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காதபடி திரும்பிக் கரும்பலகையை அழித்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சிக்கல் கொப்பியில் எழுதும்போது வந்தது. கையில் கட்டு இருக்கும்போது பத்து பத்தாக இருந்தது. எழுதியதும் அது வெறும் ஒன்றாகிவிட்டது. பதின்மூன்றை நாலால் பெருக்கி எண்பத்திரண்டு என்று ஆறு பேர் எழுதியிருந்தார்கள். மேலே போன ஒன்றை முதலில் கூட்டிவிட்டு, பிறகு பெருக்கியிருக்கிறார்கள். அதனால் எண்களைப் பிள்ளைகளாகவே நடக்கவிடுவோம் என்று முடிவெடுத்தேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த சுண்ணாம்புத் தூளால் முற்றத்தில் மூன்று வீடுகள் கீறினேன். வலது பக்கம் ஒன்றுகள் வீடு, நடுவில் பத்துகள் வீடு, இடது பக்கம் நூறுகள் வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே போகவர ஒரு படலை.

சட்டத்தைச் சொன்னேன். "ஒரு வீட்டுக்குள்ளை ஒன்பதுக்கு மேலை இருக்கேலாது. பத்துச் சேர்ந்தால் ஒரு கட்டாகி, அடுத்த வீட்டுக்கு ஒண்டாய்ப் போகோணும்."

"ஏன் ரீச்சர்? வீட்டுக்காரர் ஏசுவாரோ?"

"ஓம், ஏசுவார்."

அதற்குமேல் ஒருவரும் சட்டத்தை மீறவில்லை.

முதல் நாள் இலக்க அட்டைகளைப் பிள்ளைகளின் நெஞ்சில் குத்தினேன். என்னைப் பார்த்து நின்றார்கள். எனக்கு இடது, அவர்களுக்கு வலது. "இடது பக்கம் போங்கோ" என்றால் நூறுகள் வீட்டுக்குப் போகவேண்டியவன் கிணற்றடிக்குப் போனான். அரை மணித்தியாலம் கத்திவிட்டு, எல்லாரையும் திருப்பி வேப்பமரத்தைப் பார்க்க நிறுத்தி, அட்டைகளை முதுகில் குத்தினேன். இப்போது எல்லாருக்கும் ஒரே இடது. அந்த நேரம் பார்த்து அதிபர் விறாந்தையால் வந்தார். வகுப்பு முழுவதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ரீச்சர், பிள்ளையளோடை ஏதும் கோவமோ?"

"இல்லை சேர், பெருக்கல்."

அவர் மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார்.

அடுத்தது பத்தால் பெருக்குவது. ஒன்றுகள் வீட்டில் மூன்று நிற்கிறது. பத்தால் பெருக்கினால் அது பத்துகள் வீட்டுக்கு நகர வேண்டும். ஒன்றுகள் வீடு காலியாகும். காலி வீட்டில் காவலுக்கு ஒரு பூச்சியம் நிற்க வேண்டும். பூச்சியமாக யாரை நிறுத்துவது? என் கண் ஒரு பிள்ளையில் போய் நின்றது. வகுப்பில் தன்னைக் கேட்காமல் விட்டால் போதும் என்று இருக்கிற பிள்ளை. கேள்வி கேட்டால் பென்சில் கீழே விழும். எடுக்கக் குனிந்தால் மேலே வர ஐந்து நிமிடம் ஆகும். பூச்சியத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை, சும்மா நின்றால் காணும், அவளுக்கு அது லேசு என்று நினைத்தேன். பெரிய பூச்சியம் ஒன்றை அவள் முதுகில் குத்தினேன்.

விளையாட்டு மும்முரத்தில் மணி அடித்துவிட்டது. அட்டைகளைச் சேகரித்து எண்ணிப் பார்க்க நான் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை நாங்கள் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றோம். தேவாரம் தொடங்கி இரண்டாவது வரியில், படலையால் ஒரு பாண் ஓட்டோ உள்ளே வந்தது. ஊர் ஊராகப் பேக்கரிப் பாணும் பணிசும் விற்கிற முச்சக்கரவண்டி. தான் வருவதை ஊருக்குச் சொல்ல அது எப்போதும் ஒரே மெட்டை வாசித்துக்கொண்டு வரும். தேவாரம் ஒரு சுருதியிலும் பாண் ஓட்டோ இன்னொரு சுருதியிலும் போயின. சங்கீத ஆசிரியையாக எனக்கு உயிர் போனது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் தேவாரத்தை விட்டுவிட்டு அந்த மெட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஓட்டி இறங்கி நேராக என்னிடம் வந்தார். நான் பூச்சியம் குத்திய அந்தப் பேசாத பிள்ளையின் தகப்பன். பின்சீற்றிலிருந்து அவளும் புத்தகப் பையோடு இறங்கினாள்.

"ரீச்சர், உங்களோடை கொஞ்சம் கதைக்கோணும்."

"ஓம், கதையுங்கோ. அந்தப் பாட்டை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டேலாது. சுவிச் பழுது." அவர் கோபத்தில் இருந்தார். பின்னால் மெட்டு துள்ளிக்கொண்டிருந்தது. "என்ரை மகள் நேற்று முதுகிலை பூச்சியத்தோடை வீட்டை வந்தவள். சந்தியாலை நடந்து வந்தவள். கடையடியிலை நிண்ட சனமெல்லாம் பாத்ததாம். ஒருத்தர் என்னைக் கேக்கிறார், 'என்ன, பிள்ளைக்குக் கணக்கிலை பூச்சியமாம், ரீச்சர் முதுகிலை ஒட்டி விட்டிருக்கிறா' எண்டு. அவள் கெட்டித்தனம் குறைஞ்ச பிள்ளைதான், எனக்குத் தெரியும். அதுக்காக முதுகிலை குத்தி அனுப்பிறதோ?"

அட்டையைக் கழற்ற மறந்தது என் பிழை என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அது ஒரு விளையாட்டு, புள்ளி அல்ல என்றும் சொன்னேன். ஆனால் உள்ளே வேறொன்று குத்தியது. செய்ய ஒன்றுமில்லாத வேலை என்றுதானே அவளுக்குப் பூச்சியத்தைக் கொடுத்தேன்? அவர் அட்டையைப் பற்றி நினைத்தது பிழை. என்னைப் பற்றி நினைத்தது பிழையில்லை.

அப்போது அந்தப் பிள்ளை, "அப்பா, நீங்கள் ஒருக்கா வாங்கோ" என்றாள். தகப்பனின் கையைப் பிடித்து முற்றத்தில் கீறியிருந்த வீடுகளுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய குரலை அவ்வளவு பெரிதாக நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. பாண் ஓட்டோவின் மெட்டுக்கு மேலால் கத்த வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

"நீங்கள் மூண்டு. இதிலை நில்லுங்கோ. இப்ப எத்தினை பணிஸ்?"

"மூண்டு."

அவள் ஒன்றுகள் வீட்டுக்குள் நுழைந்து அவரை இரண்டு கையாலும் இடப்பக்கம் தள்ளினாள். அவர் பத்துகள் வீட்டுக்குள் போய் நின்றார். "இப்ப?"

அவர் மகளையும் தன்னையும் மாறிமாறிப் பார்த்தார். "முப்பது."

"நீங்கள் அதே ஆள்தான் அப்பா. நான் வந்து நிண்டதாலைதான் முப்பது. நான் வெளியிலை போனால் நீங்கள் திரும்ப மூண்டு."

தகப்பன் யோசித்தார். தினமும் தட்டுத் தட்டாகப் பணிஸ் அடுக்குகிற மனிதர், கணக்கு விளங்காதவர் அல்ல. "சரி, நீ எனக்கு மற்றப் பக்கம் வந்து நிண்டால்?"

அவள் ஓடிப்போய் நூறுகள் வீட்டில் நின்று பார்த்தாள். "இதிலை நிண்டால் ஒண்டும் நடவாது."

"அப்ப அதிலை நில்லாதை" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு, "அட்டை கொஞ்சம் கசங்கிப்போச்சு ரீச்சர். வேறை ஒண்டு நல்ல மட்டையிலை எழுதிக் குடுங்கோ" என்றார். போகும்போது ஆசிரியர் அறைக்கு ஒரு தட்டுச் சீனிப் பணிஸ் வைத்துவிட்டுப் போனார். நான் வெட்கத்தில் எடுக்கவில்லை. கடைசியில் ஒன்று எடுத்தேன்.

அன்றிலிருந்து வகுப்பில் வேறு பிரச்சினை. எல்லாருக்கும் பூச்சியம் வேண்டும். பெரியவர்களைத் தள்ளுகிற வேலை என்பதை முழு வகுப்பும் கண்ணால் பார்த்துவிட்டதல்லவா? ஒன்பதாக இருக்க ஒருவரும் வரவில்லை. ஒன்பதை முதுகில் குத்திய ஒருவன், தன்னை எப்போதும் ஒன்பதாக்குகிறார்கள் என்று அழுதான். கடைசியில் பெயர் ஒழுங்கில் முறை வைத்தேன். ஆனால் எப்போது யார் எந்த வீட்டில் நிற்க வேண்டும் என்ற சந்தேகம் வந்தால், எல்லாரும் அந்தப் பாண் ஓட்டோக்காரரின் மகளைத்தான் பார்த்தார்கள். அவளுக்குப் பென்சில் விழுவதும் நின்றுபோனது.

மூன்று கிழமை முடிந்து ஆலோசகர் வந்தார். பக்கத்து ஊர்க் கோயிலில் அன்று தேர். வகுப்பில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லை. வந்திருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அதிபரும் வந்தார்.

"அதே கேள்விதான்" என்றார் ஆலோசகர். "பதின்மூண்டு வாங்கு, வாங்குக்கு நாலு பேர்."

ஒன்றும் மூன்றும் தங்கள் வீடுகளில் போய் நின்றன. பெருக்குகிற நாலாக நாலு பேர், விடை அட்டைகளுக்கு இரண்டு பேர் என்று மற்றவர்களும் பிரிந்து போனார்கள். ஆனால் மேலே போகிற ஒன்றாக நிற்பதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை. நான் முழிப்பதைக் கண்ட பாண் ஓட்டோக்காரரின் மகள் ஆலோசகரைப் பார்த்து, "சேர், நீங்கள் ஒருக்கா வந்து ஒண்டாய் நில்லுங்கோவன்" என்றாள்.

ஆலோசகர் ஒரு அடி பின்னுக்குப் போனார். "நான் மேற்பார்வை செய்யோணும் பிள்ளை. அதிபர் சேரைக் கேளுங்கோ."

மறுத்தால் நன்றாக இருக்காது என்று அதிபருக்குத் தெரிந்தது. அவர் முதுகைக் காட்டி நின்றார். நான் அந்த வெள்ளைச் சேர்ட்டில் சேப்டி பின்னால் ஒன்று என்ற அட்டையைக் குத்தினேன். அவரை ஒன்றுகள் வீட்டில் நிறுத்தினோம்.

"மூநாலு பன்னிரெண்டு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டு என்ற அட்டையோடு ஒரு பிள்ளை ஒன்றுகள் வீட்டில் தங்கினாள். மற்றப் பத்தும் சேர்ந்த கட்டு அதிபர். அவர் இடப்பக்கம் நடந்து, பத்துகள் வீட்டுப் படலையைத் தாண்டி, கம்பீரமாக உள்ளே கால் வைத்தார்.

"சேர்! உள்ளுக்கை வராதேங்கோ!"

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தியதில் அதிபர் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.

"ஏன்? நான் பத்துத்தானே? இது பத்துகள் வீடுதானே?"

"ஓம் சேர், ஆனால் இன்னும் பெருக்கி முடியேல்லை" என்றாள் அந்தப் பிள்ளை. "இப்ப உள்ளுக்கை வந்தால் உங்களையும் நாலாலை பெருக்கிப் போடுவம். நீங்கள் ஏற்கெனவே பெருக்கி வந்த ஆள். படலையடியிலை நில்லுங்கோ. முடிஞ்சவுடனை கூப்பிடுறம்."

அதிபர் காலைப் பின்னுக்கு எடுத்தார். சுண்ணாம்புப் படலைக்கு வெளியே, பதினொரு மணி வெயிலில், கழுத்துப்பட்டியும் முதுகில் ஒன்றுமாக நின்றார். உள்ளே பத்துகள் வீட்டில் ஓர்நாலு நாலா, நாலொன்று நாலா என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று இன்னொருவன் விளங்கப்படுத்தப் போனான். அது நீண்டது. அதிபரின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கில் நின்றது. அவர் துடைக்கவில்லை.

"பிள்ளையள், நான் வரலாமோ?"

"கொஞ்சம் பொறுங்கோ சேர்!"

ஆலோசகர் ஹெல்மெட்டால் வாயை மறைத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனார். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நாலு என்று முடிவானது. "இப்ப வாங்கோ சேர்" என்று கூப்பிட்டார்கள். அதிபர் உள்ளே போனார். நாலும் அவரும் சேர்ந்து ஐந்து. ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் அவருக்குக் கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

முதுகு அட்டையைக் கழற்றும்போது அதிபர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ரீச்சர், நான் சின்னனிலை எத்தினை தரம் எண்பத்திரெண்டு எண்டு எழுதி அடி வாங்கியிருப்பன். வெளியிலை நிண்டிருக்கோணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

ஆலோசகர் மேற்பார்வைப் புத்தகத்தில் நாலு வரி எழுதினார். நல்ல வரிகள்தான். கடைசி வரியில், விளையாட்டிலிருந்து எழுத்துக்குப் பிள்ளைகளை மெல்ல மெல்லக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் அவசரத்தில் சரியாகக் கவனிக்கவில்லை.

தவணைப் பரீட்சை வந்தது. வகுப்பாசிரியையும் அந்தக் கிழமை விடுமுறை முடிந்து வந்துவிட்டார். பரீட்சை மண்டபத்தில் அவர்தான் மேற்பார்வை. கதிரை மேசை போதாததால் நீள வாங்குகளில் பிள்ளைகளை இடைவெளி விட்டு இருத்தியிருந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். முதல் பக்கம் அமைதியாகப் போனது. இரண்டாவது பக்கத்தில் ஒரு கேள்வி: நாற்பத்தேழைப் பத்தால் பெருக்குக.

அந்தக் கேள்விக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்து, திரும்ப உட்கார்ந்தது. அப்படி நகராமல் அவர்களுக்கு அது வரவில்லை. பின் வாங்கில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கேள்விக்கு வந்திருக்க வேண்டும். நாலு பேரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக நகர்ந்து, ஒன்றாக உட்கார்ந்தார்கள். வாங்கு அவர்களோடு நகரவில்லை. இடப்பக்க நுனியில் இருந்தவன் காற்றில் உட்கார்ந்து, தடால் என்று கீழே விழுந்தான்.

நான் ஓடினேன். முழங்கையில் சின்ன உரசல். வினாத்தாளைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, கீழே கிடந்தே அவன் கேட்டான்: "ரீச்சர், நானூத்தெழுபதுதானே?"

"பரீட்சை நேரம் கதைக்கக்கூடாது" என்று வகுப்பாசிரியை சொன்னார். பிறகு என்னை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நான் மூண்டு மாசம்தானே லீவிலை நிண்டனான். உதுகளுக்கு என்ன செய்தனீங்கள்?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். அதிபர் படலையடியில் நின்ற இடத்துக்கு வரும்போது அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழந்தை பிறந்து அதிகநாள் ஆகவில்லை, சிரித்தால் இன்னும் நோகுது என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே சிரித்தார்.

விடைத்தாள்களை இருவரும் சேர்ந்துதான் திருத்தினோம். இருபத்திரண்டு பேரில் பதினைந்து பேருக்கு இரண்டு இலக்கப் பெருக்கல் சரியாக வந்தது. ஐந்து பேர் பாதி வழியில் நின்றார்கள். இரண்டு பேர் இன்னும் எண்பத்திரண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பாண் ஓட்டோக்காரரின் மகளுக்கு ஒரு கணக்கைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றும் கழித்தல்.

"கழித்தலுக்கும் ஏதாவது செய்யுங்கோவன்" என்றார் வகுப்பாசிரியை. முற்றத்தில் கீறியிருந்த வீடுகளை அழிக்க வேண்டாம் என்றும், அடுத்த கிழமை வகுப்பைத் தான் எடுத்தாலும் கணக்குப் பாடத்துக்கு நானும் வந்து நிற்க வேண்டும் என்றும் கேட்டார். அதிபரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதிபரிடம் போய்க் கேட்டேன். அவர் நேரசூசியை எடுத்துப் பார்த்தார். திங்களும் புதனும் காலை முதல் பாடம் எனக்கு ஒதுக்கினார். "காலமை எண்டால் வெயில் குறைவு" என்றார்.